தோப்புத் தெருவின் பதினொரு வீடுகள்

போன வாரம் நித்யா போன் செய்தாள். நான் விருப்ப ஓய்வில் வந்த பிறகு, பல்கலைக்கழக ஆய்வகத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண். பழைய கணினிகளைக் கழித்துவிட்டுப் புதியவற்றை வைக்கிறார்களாம். எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று ஒவ்வொரு கோப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், ஒன்றில் நின்றுவிட்டாள்.

“அக்கா, ‘தோப்பு’ன்னு ஒரு ஃபைல் இருக்கு. திறந்தா பதினோரு புள்ளி, ஒரு கோணல் கோடு, அவ்வளவுதான். எந்த மேப்போடயும் சேரல. ஆனா வருஷா வருஷம் எல்லா ஃபோல்டர்லயும் இதையே காப்பி பண்ணி வெச்சிருக்கீங்க. அழிச்சிடவா?”

“அழிக்காதேம்மா!” என்றேன். சத்தம் கூடிவிட்டது போலிருக்கிறது. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் திரும்பிப் பார்த்தார்.

“ஏன்க்கா, என்ன அது?”

எனக்குப் போனில் கோர்வையாகச் சொல்ல வராது. நேரிலும் வராது. தடுமாறினேன். அவள் சிரித்துக்கொண்டு, “அப்ப எழுதிக் குடுங்கக்கா. துறை மலருக்குக் கட்டுரை குறையுதுன்னு துறைத் தலைவர் மேடம் எல்லாரையும் கேட்டுக்கிட்டிருக்காங்க” என்றாள். எழுதும்போது எதிரே யாரும் உட்கார்ந்து நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதனால் ஒப்புக்கொண்டேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். அதோடு டைப்ரைட்டிங் லோயர். லால்குடி பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது, கோடு நடுங்காமல் போடுகிறேன் என்பதற்காகத்தான் பல்கலைக்கழகத்தில் வரைபடம் பிரதி எடுக்கும் தற்காலிக வேலை கிடைத்தது. இரண்டு வருடம் மையும் பேனாவும். பிறகு கணினி வந்தது. வேலை நிரந்தரமானது. மற்றவர்கள் மிரண்ட இடத்தில் நான் மிரளவில்லை. பேனாவுக்குப் பதில் வேறொன்று, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வேலை இப்படி. ஒற்றைக் கட்டில் அளவுக்கு ஒரு சாய்வு மேசை. அதன்மேல் காகித வரைபடத்தைச் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். முதலில் நான்கு மூலைகளையும் கணினிக்குச் சொல்ல வேண்டும். மூலைகள் ஒத்துவரவில்லை என்றால் மறுபடி ஒட்ட வேண்டும். ஒத்துவந்த பிறகு, கண்ணாடிக்குள் சிலுவைக் கோடு போட்ட ஒரு கருவியைக் கையில் பிடித்து, ஆற்றங்கரையோ சாலையோ அந்தக் கோட்டின் மேலேயே நகர்த்தி, வளைவு வரும் இடமெல்லாம் ஒரு முறை அழுத்த வேண்டும். அழுத்தும் இடமெல்லாம் கணினிக்குள் புள்ளியாக விழும். புள்ளியும் புள்ளியும் சேர்ந்து கோடு. ஒரு குளத்தைச் சுற்றி வந்தால், தொடங்கிய புள்ளியிலேயே முடிக்க வேண்டும். மயிரிழை விட்டுப்போனாலும் அது குளம் இல்லை, வெறும் கோடு. இருபத்தாறு வருடத்தில் நான் சுற்றி வந்த குளம் எதுவும் திறந்திருந்ததாகப் புகார் வந்ததில்லை. இதை மட்டும் கூச்சமில்லாமல் எழுதுகிறேன்.

ஜெமிலா மேடம் எங்கள் துறைக்கு வந்தபோது எனக்குப் பத்து வருட அனுபவம் ஆகியிருந்தது. அவர் என்னைவிட ஐந்து வயது சிறியவர். தென்னூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அவர் எடுத்தது ‘ஸ்பேஷியல் அல்காரிதம்’ என்ற பாடம். நிலத்தில் இருக்கும் ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்டால், எந்தெந்தப் படிகளில் போய்க் கணினி விடை கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அந்தப் படிப்பு. இந்த இடத்துக்குக் கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரி எது, இந்த வயல் அந்தக் கிராமத்து எல்லைக்குள் வருமா, எந்த வழி சுருக்கம், இப்படி.

வகுப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே ஒரு மரத்தடுப்பு, அதில் ஒரு கதவு. கதவை மேடம் சாத்துவதில்லை. நான் இந்தப் பக்கம் வேலை செய்துகொண்டே கேட்பேன். மாணவர்கள் அந்தப் பாடத்தை ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் வருடா வருடம் கேட்டேன்.

மேடத்தின் முறை தனி. முதல் மூன்று வாரம் யாரும் கணினியைத் தொடக் கூடாது. கிராஃப் தாள், பென்சில், ஸ்கேல். கரும்பலகையை மேலிருந்து கீழாகத்தான் துடைப்பார், பக்கவாட்டில் துடைத்தால் பொடி முகத்தில் அடிக்கும் என்று. குரல் உயராது. விடை தவறாக இருந்தால் ‘தப்பு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. “இன்னொரு தடவை எண்ணுங்க” என்பார். அதைக் கேட்டாலே பிள்ளைகளுக்கு வியர்க்கும்.

எண்ணச் சொன்னது எதை என்று விளக்க வேண்டும். கிராஃப் தாளில் ஒரு கோணல்மாணலான எல்லை போடுவார். ஒரு புள்ளி வைப்பார். இது உள்ளேயா, வெளியேயா? மனுஷக் கண்ணுக்கு உடனே தெரியும். கணினிக்குக் கண் இல்லை. அதனால், புள்ளியிலிருந்து கிழக்கே ஒரே நேராக ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோடு எல்லையை எத்தனை தடவை கடக்கிறது என்று எண்ண வேண்டும். ஒற்றைப்படை என்றால் புள்ளி உள்ளே. இரட்டைப்படை என்றால் வெளியே. எல்லை எவ்வளவு வளைந்து நெளிந்திருந்தாலும் இது பொருந்தும். முதல் தடவை கேட்டபோது நம்பாமல், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பழைய தாளின் பின்பக்கம் பத்துப் பன்னிரண்டு எல்லை போட்டு எண்ணிப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. சாப்பிட மறந்துவிட்டேன்.

ஒரு வருடம் அந்த வகுப்பில் ஸ்ரீநிதி என்று ஒரு பெண் இருந்தாள். ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் வீடு. கெட்டிக்காரி, வாய் ஓயாது. மேடம் அந்த வருடப் பயிற்சிக்கு ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்கொண்டார். கோயிலைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில்கள். ஏழையும் நான் வரைந்து கொடுத்தேன். அவரவர் எழுதிய ப்ரோக்ராமைக் கொண்டு, எந்த வீடு ஸ்ரீரங்கத்துக்கு உள்ளே என்று கணினியைக் கேட்க வேண்டும்.

கணினி சொன்னது: வெளி மதிலை ஒட்டிய அடையவளஞ்சான் வீதி உள்ளே. அதற்கும் உட்புறம் இருக்கிற சித்திரை வீதி வெளியே. அதற்கும் உட்புறம் உத்திர வீதி உள்ளே.

ஸ்ரீநிதி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “மேடம், இது அநியாயம்! அஞ்சு தலைமுறையா எங்காத்துல எல்லாரும் பெருமாள் மதிலுக்குள்ளதான் இருக்கோம். இப்ப ஸ்ரீரங்கத்துக்கே வெளியில தள்ளிடுத்து. எங்கப்பா கேட்டா காவேரில விழுந்துடுவார்.”

வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தார். “அப்பாவைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க. முதல்ல நீங்க எண்ணுங்க. உங்க வீட்டு வாசல்லேர்ந்து கிழக்க பாருங்க. எத்தனை மதில்?”

“ரெண்டு.”

“ரெண்டுன்னா?”

“இரட்டைப்படை. வெளியே.” சொல்லிவிட்டு அவளே தலையில் அடித்துக்கொண்டாள். “ஏழு மதிலையும் எல்லைன்னு குடுத்துட்டோம். வெளி மதில் ஒன்னைத்தான் குடுத்திருக்கணும்.”

“எண்ணறதுக்கு முன்னாடி எதை எண்ணறோம்னு முடிவு பண்ணணும். மெஷின் நீங்க சொன்னதைத்தான் செஞ்சுது” என்றார் மேடம்.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் ஸ்ரீரங்கம் போய் அந்த வீதிகளில் நடந்து மதில்களை எண்ணினார்கள். நானும் ஜி.பி.எஸ். கருவியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்ரீநிதியின் அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்தார். அவளுடைய அப்பா காவேரியில் விழவில்லை. “எங்களைத் திரும்ப உள்ள சேர்த்துண்டாச்சா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த ஸ்ரீநிதிதான் படிப்பின் கடைசி வருடத்தில் கொள்ளிடக் கரை வேலையை எடுத்தாள். அதற்கு இரண்டு வருடம் முன்பு கொள்ளிடத்தில் தண்ணீர் வந்து கரையோரத் தெருக்களில் புகுந்திருந்தது. அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது எந்தெந்த வீட்டுக்கு முன்கூட்டியே போன் செய்து கிளம்பச் சொல்ல வேண்டும் என்று ஓர் அரசு அலுவலகம் பட்டியல் கேட்டது. தண்ணீர் வந்த எல்லையை வரைய வேண்டும். வீடுகளைப் புள்ளியாக வைக்க வேண்டும். எல்லைக்குள் வரும் வீடுகள் பட்டியலில் சேரும். ப்ரோக்ராம் ஸ்ரீநிதியுடையது. புள்ளிகளை எடுத்து வரைவது நான்.

மூன்று வாரம் கரையோரம் அலைந்தேன். போன தெருக்களில் ஒன்று, வாழைத் தோட்டங்களை ஒட்டிய தோப்புத் தெரு. கிழக்கு மேற்காக, நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசையில் பதினொரு வீடுகள். மூன்றாவது வீட்டு வாசலில் நான் கருவியோடு நின்றபோது ஒரு பெண் வெளியே வந்தார். பெயர் மல்லிகா. ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர், கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“என்னாங்க இது, கரண்ட் ரீடிங் எடுக்கிற மிஷினா? எங்க மீட்டரு பின்னாடி இருக்கு.”

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. என்னை உள்ளே கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார். இடுப்பு உயரத்தில் பழுப்பாக ஒரு கறை, அறை முழுக்க ஒரே மட்டமாக ஓடியது. நான் தொட்டுப் பார்த்தேன். வெள்ளை அடித்தும் போகவில்லை.

“மத்தியானம் ரெண்டு மணிக்குத் தைச்சுக்கிட்டு இருக்கேன், வாசப்படி ஏறி வருதுங்க தண்ணி. பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு ஓடினதுதான். மிஷினு போச்சு. இந்த மிஷினு தங்கச்சி குடுத்தது. இதுவும் போச்சுன்னா நான் எந்திரிக்க முடியாது. ஒருத்தர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தலையில வெச்சாவது தூக்கிட்டுப் போயிருப்பேன்ல?” என்றவர், “இந்தத் தடவ சொல்லிடுவாங்கல்ல?” என்று கேட்டார்.

யாருக்கும் எதையும் உறுதியாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று மட்டும், “சொல்லிடுவாங்கம்மா” என்று வாயில் வந்துவிட்டது.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். கையில் பிடிக்கும் ஜி.பி.எஸ். கருவி ஒரே இடத்தில் நின்றாலும் இரண்டு மூன்று மீட்டர் அங்கும் இங்கும் ஆடும். நேரான தெருவில் எடுத்த வீடுகள்கூட வரைபடத்தில் பல் வரிசை கோணியதுபோல் விழும். அது எனக்குப் பிடிக்காது. அதனால் ஒரு வரிசை வீடுகள் நேராக இருப்பது கண்ணால் பார்த்து உறுதியென்றால், ஆய்வகத்தில் உட்கார்ந்து அத்தனை புள்ளிகளுக்கும், வடக்கே எவ்வளவு தூரம் என்பதை ஒரே எண்ணாகப் போட்டு வரிசையாக்கிவிடுவேன். தோப்புத் தெருவின் கிழக்குக் கோடியில் ஒரு மோட்டார் அறை. அதன் சுவரில்தான் தண்ணீர் நின்ற எல்லை இருந்தது. அதுவும் வீடுகளின் அதே வரிசை. அந்த எல்லைப் புள்ளிக்கும் அதே எண்ணைக் கொடுத்தேன். வரைபடத்தில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

பட்டியல் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. மூன்று மணிக்கு அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவதாக ஏற்பாடு. மத்தியானம் நான் பெரிய வரைபடத்தை அச்சு எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லைக்குள் வரும் வீடு சிவப்பு, வெளியே இருப்பது பச்சை. காகிதம் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. நடுவே பதினொரு பச்சைப் புள்ளிகள், நூல் பிடித்தாற்போல்.

ஸ்ரீநிதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். 

“அந்தத் தெரு கொஞ்சம் மேடா இருக்குமோ அக்கா?”

“மேடு இல்ல. சுவத்துல இடுப்பு உயரத்துக்குக் கறை. நானே தொட்டுப் பார்த்தேன்.”

“நாலு தடவை ஓட்டிட்டேன்க்கா. நாலு தடவையும் இப்படித்தான் வந்தது.”

“தப்பா இருந்தா, நாலு தடவையும் அதே தப்பைத்தானே அது பண்ணும்?” என்றேன். இப்படி நான் பேசி அவள் கேட்டதில்லை. ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பட்டியலைத் தட்டச்சு செய்யப் போய்விட்டாள்.

ஒரு கிராஃப் தாளை எடுத்தேன். மல்லிகாவின் வீட்டைப் புள்ளியாக வைத்து, ஸ்கேலைக் கிழக்கே வைத்துக் கோடு இழுத்தேன். கோடு நேரே போய் எல்லையை ஒரே இடத்தில்தான் தொட்டது. ஒன்று என்றால் உள்ளே. பிறகு ஏன் வெளியே என்கிறது? தொட்ட இடத்தை உற்றுப் பார்த்தேன். வடக்கிலிருந்து வரும் எல்லைக்கோடு அங்கே முடிகிறது. தெற்கே போகும் கோடு அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு கோட்டுக்கும் பொதுவான முனை. ப்ரோக்ராம் முதல் கோட்டைக் கேட்கிறது, ‘ஆமாம், கடந்தது’ என்கிறது. இரண்டாவது கோட்டைக் கேட்கிறது, அதுவும் ‘ஆமாம்’ என்கிறது. ஒரே கடப்பை இரண்டு என்று எண்ணிவிட்டது. இரட்டைப்படை. வெளியே. எல்லா வீடும் ஒரே வரிசை என்பதால் எல்லா வீட்டுக்கும் அதே கதி.

அந்த முனை, மோட்டார் அறைச் சுவர். அழகுக்காக நான் வரிசையில் இழுத்து வைத்த புள்ளி.

ஸ்ரீநிதி அந்தப் பக்கம் இருந்தாள். கணினியில் அந்த ஒரு எண்ணை அரை மீட்டர் மாற்றினேன். மறுபடி ஓட்டினேன். பதினொன்றும் சிவப்பு. ஒரு நிமிடம் அப்பாடா என்றிருந்தது. அச்செடுத்த பழைய வரைபடத்தைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டால் யாருக்கும் தெரியாது. கூடைவரை கொண்டுபோனேன். போட முடியவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. எதையோ மூடி வைக்கிறோம், சரி செய்யவில்லை என்று தோன்றியது. திறந்திருக்கிற குளத்தை மூடியதாகக் காட்டுவது மாதிரி.

மேடத்தின் அறையில் அதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார். பேச்சுக் குரல் கேட்டது. நான் கதவுவரை போய்த் திரும்பி வந்தேன். இரண்டாவது தடவையும் திரும்பினேன். அத்தனை வருடத்தில் வெளியாட்கள் இருக்கும்போது அந்த அறைக்குள் ‘டீ சொல்லட்டுமா மேடம்’ என்பதைத் தவிர நான் எதுவும் பேசியதில்லை. மூன்றாவது தடவை மேடமே பார்த்துவிட்டார். “என்ன வசந்தா? உள்ள வாங்க.”

பழைய வரைபடத்தையும் கிராஃப் தாளையும் மேசைமேல் வைத்தேன். குரல் கீச்சென்று வந்தது. “தோப்புத் தெரு விட்டுப்போச்சு மேடம். பதினோரு வீடு. வரிசையை நான்தான் நேராக்கினேன். கோடு முனையில போய்ப் படுது, ரெண்டா எண்ணிடுது. இப்ப அரை மீட்டர் தள்ளி வெச்சேன், சரியாயிடுச்சு.”

அதிகாரி நல்ல மனிதர். “அவ்வளவுதானே? சரியாயிடுச்சுல்ல. புதுப் பட்டியலைக் குடுங்க, நான் கிளம்பறேன். அஞ்சு மணிக்கு எனக்கு இன்னொரு மீட்டிங்கு.”

மேடம் என் கிராஃப் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டின்மேல் விரல் வைத்துக் கிழக்கே நகர்த்தினார். முனையில் நின்றது விரல்.

“வசந்தா, பழைய எண்ணையே திருப்பிப் போடுங்க.”

எனக்குப் புரியவில்லை. “மேடம், திருப்பிப் போட்டா அந்தத் தெரு...”

“தெரியும். நீங்க மாத்தினதால இந்தத் தெரு தப்பிச்சுது. ப்ரோக்ராம் அப்படியேதான இருக்கு? இது நீங்க போய்ப் பார்த்த தெரு, அதனால கண்டுபிடிச்சீங்க. நீங்க பார்க்காத இடத்துல யாரு கண்டுபிடிப்பா?” அதிகாரியிடம் திரும்பி, “ஒரு மணி நேரம் குடுங்க சார். டீ சாப்பிடுங்க” என்றார்.

ஸ்ரீநிதியைக் கூப்பிட்டார். திட்டவில்லை. கரும்பலகையை மேலிருந்து கீழாகத் துடைத்தார். எல்லையையும் அந்த முனையையும் வரைந்தார். என் பக்கம் திரும்பி, “நீங்களே சொல்லுங்க, எத்தனைன்னு எண்ணணும்?” என்றார்.

“ஒன்னு மேடம்.”

“யாரு கணக்குல?”

யோசித்தேன். “யாராவது ஒருத்தர் கணக்குல. மேல் கோடு எண்ணட்டும், கீழ்க் கோடு விட்டுடட்டும்.”

“மாஷா அல்லா. அதுதான் விதி. ஒவ்வொரு கோட்டுக்கும் கீழ் முனை அதுக்குச் சொந்தம், மேல் முனை சொந்தமில்ல. போன செமஸ்டர்ல சொன்னேனே ஸ்ரீநிதி?”

ஸ்ரீநிதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். “எழுதிண்டேன் மேடம். முனையில போய் நிஜமாவே படும்னு நினைக்கல. கோடில ஒன்னுன்னு விட்டுட்டேன்.”

அவள் நினைத்ததும் தவறில்லை. கருவி கொடுக்கும் எண்களை அப்படியே விட்டிருந்தால் கோடியில் ஒன்றுதான். கோடியில் ஒன்றைப் பதினொன்றாக்கியது என் கை.

ப்ரோக்ராமில் அவள் மாற்றியது ஒரே ஒரு குறி. பழைய எண்ணோடு, நான் நேராக்கிய அதே வரிசையோடு, மறுபடி ஓட்டினோம். பதினொன்றும் சிவப்பு. ஸ்ரீநிதி கைதட்டினாள். பிறகு அவளே திரையின் மேல் மூலையில் விரல் வைத்தாள். “அக்கா, இங்க பாருங்கோ.”

செங்கல் சூளைப் பக்கம் தனியாக மூன்று வீடுகள். அவையும் இப்போதுதான் பச்சையிலிருந்து சிவப்புக்கு வந்திருந்தன. அந்த வரிசையையும் எல்லைப் புள்ளியோடு சேர்த்து நான்தான் நேராக்கியிருந்தேன். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அரை மீட்டரோடு நான் நிறுத்தியிருந்தால் அந்த மூன்று வீட்டுக்கும் போன் போயிருக்காது.

பட்டியலைக் கொடுக்கும்போது மேடம் அதிகாரியிடம், “தப்பைக் கண்டுபிடிச்சது இவங்கதான்” என்று என்னைக் காட்டினார்.

“வரிசையை நேராக்கினதும் நான்தாங்க” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “ரெண்டும் நீங்களேவா? நல்லதும்மா. நடுவுல எங்களை மாட்டிவிடாம விட்டீங்களே!”

அவர் போன பிறகு மேடம் என்னிடம், “அந்தத் தெருவையும் எல்லையையும் மட்டும் தனியா ஒரு ஃபைலா வெச்சுடுங்க. நீங்க நேராக்கினபடியே” என்றார். நான் கூச்சத்தோடு, இனி எதையும் நேராக்க மாட்டேன் என்றேன். “எல்லையைத் தொடறதை மட்டும் நேராக்காதீங்க. மத்ததெல்லாம் உங்க கை வேலை, அது இருக்கட்டும்” என்றார்.

அதற்கடுத்த வருடத்திலிருந்து எந்த மாணவர் இந்த ப்ரோக்ராமை எழுதினாலும், முதலில் அதை அந்தக் கோப்பில் ஓட்டிக் காட்ட வேண்டும். பதினொன்றும் உள்ளே வந்தால்தான் மேடம் மேற்கொண்டு பார்ப்பார். பாதிப் பேருக்கு முதல் தடவை வராது. “அக்காவோட தெருவுல மாட்டிக்கிட்டேன்” என்று என் மேசைக்கு வருவார்கள். நான் கிராஃப் தாளையும் ஸ்கேலையும் எடுத்து வைப்பேன். எம்.எஸ்சி. படிக்கும் பிள்ளைகள், பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எண்ணுவார்கள். அந்த வருடங்களில் வீட்டிலிருந்து கிளம்பும்போது எனக்கு நடை வேகமாக இருக்கும்.

பட்டியல் கொடுத்த அடுத்த வருடமே, ஆடி மாதத்தில் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தது. காலையில் எச்சரிக்கை போன் போயிருக்கிறது. மத்தியானம் தண்ணீர் தெருக்களுக்குள் ஏறியது. மறுநாள் மேடமும் நானும் பிரட்டும் போர்வையும் எடுத்துக்கொண்டு, அவர்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மேடம் யாரிடமோ பேசிக்கொண்டிருக்க, நான் வராந்தாவில் நின்று முகம் முகமாகப் பார்த்து எண்ணினேன். தோப்புத் தெருக்காரர்கள் எல்லோரும் ஒரே வகுப்பறையில் இருந்தார்கள். பதினொரு குடும்பம். ஒருமுறை எண்ணியது போதாமல் இன்னொரு தடவை எண்ணினேன்.

அறையின் கோடியிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தது. தையல் மிஷின். மல்லிகா கரும்பலகைக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் காலை நிறுத்தினார்.

“அட, மீட்டரு பாக்க வந்தவங்க! ஏங்க, நேத்து காலையில அந்தப் போனைப் போடச் சொன்னது நீங்கதானா? அடுப்புல உலை கொதிக்குது, உடனே கிளம்பும்மாங்கிறான். மிஷினைத் தூக்கி வேன்ல ஏத்திட்டு உக்காந்திருக்கேன், சொட்டுத் தண்ணியக் காணோம். எல்லாரும் என்னைத்தான் திட்டுறாங்க. தண்ணி மட்டும் வராமப் போயிருக்கட்டும், உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, வந்துடுச்சு. நீங்களே போய்ப் பாருங்க, சன்னல் வரைக்கும் நிக்குது” என்றார். சொல்லிவிட்டு ஊசிக்கு நூல் கோத்தார். “சும்மா உக்காந்து என்ன பண்றது? யாருக்காவது ஜாக்கெட் தைக்கணும்னா சொல்லுங்க.”

மேடம் பின்னால் வந்து நின்றார். “எத்தனை வசந்தா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“பதினொன்னு மேடம்.”

அவர் இன்னொரு தடவை எண்ணச் சொல்லவில்லை.

என் கண் இப்போது நெடுநேரம் திரையைப் பார்க்க ஒத்துக்கொள்வதில்லை. அதனால்தான் வயது இருக்கும்போதே ஓய்வு வாங்கினேன். இப்போது கணினியே வீட்டுக் கூரைகளைக் கண்டுபிடித்து வரைந்துவிடுகிறதாம். நல்லதுதான். நித்யாவின் கண்ணாவது நன்றாக இருக்கட்டும். ஆனால் கணினியே வரைந்தாலும், அந்த வீடு உள்ளேயா வெளியேயா என்று ஒரு கோடு போட்டு எண்ணத்தான் வேண்டும்.

நித்யா, அந்தக் கோப்பில் இருப்பது இதுதான். பதினொன்றில் மூன்றாவது புள்ளி மல்லிகாவின் வீடு. புதிய கணினியிலும் அதே பெயரில் போட்டு வை. யாராவது புள்ளிகள் இவ்வளவு நேராக இருக்காதே, சரி செய்துவிடலாமா என்று கேட்டால் விடாதே. அது நான் வேண்டுமென்றே சரி செய்யாமல் விட்டிருப்பது.